பத்துப் பேருக்குச் சாக்கு

பத்துப் பேருக்கு வேலை போய்விட்டது என்று ஒரு திங்கட்கிழமை காலை நான் அறிவித்தேன். கூட்டம் கைதட்டியது. முப்பது வருடப் பணியில் நான் பேசி யாரும் கைதட்டியது அந்த ஒரு தடவைதான் என்பதால் அதை எழுதி வைக்கிறேன். புதிதாக அலுவலக வேலைக்கு வருகிறவர்களுக்கு, குறிப்பாக ‘ஆங்கிலம் தெரியும்’ என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு, உதவும்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் கிளார்க். தேயிலை விலை விழுந்து எழுந்திருக்காமல் கிடந்த காலம் அது. ஏலத்துக்கு அனுப்பிய தூளை வாங்க ஆளில்லை. குடோனில் ஒரு பக்கம் விற்காத மூட்டை, மறுபக்கம் நிரப்ப வேலையில்லாத வெறும் சாக்கு. நடுவில் ஒரு பூனை படுத்திருக்கும். சந்தையைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஜீவன்.

1. கெட் அட்டவணை

அந்த நேரத்தில்தான் வடக்கேயிருந்து புது மேனேஜர் வந்தார். தமிழ் தெரியாது. ஆங்கிலத்திலும் ஒரே ஒரு வினைச்சொல்தான் தெரியுமோ என்று எனக்குச் சந்தேகம். “கெட் தி லீஃப் இன். கெட் மீ தி ரிஜிஸ்டர். கெட் மூவிங். கெட் இட்?”

முதல் நாளே டிரையர் ஆபரேட்டர் பழனிசாமி என்னிடம் வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர். தேயிலையை உலர்த்தும் அந்த அனல் இயந்திரத்தின் முன்னால் பதினெட்டு வருடம் நின்றவர்.

“ஏனுங்க, தொர வாயத் தொறந்தா கெட்டு கெட்டுங்கறாரு. என்ன கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. இலை கெட்டுப்போச்சுங்களா, இல்ல நாங்க கெட்டுப்போயிட்டமுங்களா?”

நான் சரித்திரத்தில் பி.ஏ. கக்கத்தில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருக்கும். அதனால் எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று ஃபேக்டரியே நம்பியது. கொஞ்ச நாளில் நானும் நம்பிவிட்டேன். ஓர் அட்டையில் ‘கெட்’ என்ற வினைச்சொல்லின் மூன்று விதிகளைக் கொட்டை எழுத்தில் எழுதி, காலையில் பெயர் கூப்பிடும் தாழ்வாரத்தில் மாட்டினேன்.

கெட்டுக்குப் பின்னால் பொருள் வந்தால்: கிடைக்கும், கொண்டுவா.
கெட்டுக்குப் பின்னால் குணம் வந்தால்: ஆகு. கெட் வெட், ஈரமாகு. கெட் ஆங்க்ரி, கோபமாகு.
கெட்டுக்குப் பின்னால் இடம் வந்தால்: போய்ச் சேர்.

பழனிசாமிதான் என் தலைமாணாக்கர். ஒரே வாரத்தில், “சார், டிரையர் கெட் ஹாட். ஐ ஆல்சோ கெட் ஹாட்” என்று மேனேஜரிடம் பேச ஆரம்பித்தார். அதையே பத்தாவது தடவை கேட்ட மேனேஜர், “கெட் லாஸ்ட்!” என்று கத்தினார். பழனிசாமி அட்டவணை முன் வந்து நின்று யோசித்தார். இரண்டாம் விதி. காணாமல் ஆகு. மாடியில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்குப் பின்னால் போய், மத்தியானம் வரை காணாமல் ஆனார். கீழே டிரையரில் தூள் தீய்ந்தது. கண்டுபிடித்து இழுத்து வந்தபோது அவரிடம் துளிக் குற்ற உணர்ச்சி இல்லை.

“சொன்னதத்தானுங்க செஞ்சேன். கெட் ஃபவுண்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்திருப்பனுங்க.”

அட்டவணையை மதிக்காத ஒரே ஆள் பேக்கிங் ரூம் புஷ்பம். இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எழுத்து நல்லா இருக்குங்க கிளாக்கரையா” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

2. நைஸாகச் சொல்

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் ஹெட் ஆபீஸ் கடிதம். மனிதரின் முகம் வாட்டிய இலை மாதிரி இருந்தது. ஒரு பட்டியலை நீட்டினார். பத்துப் பெயர். முதல் பெயர் புஷ்பம்.

“டென் பீப்பிள் வில் கெட் தி சேக். டெல் தெம் ஆன் மண்டே. டெல் தெம் நைஸ்லி.”

கெட், அப்புறம் பொருள். முதல் விதி. கிடைக்கும். சேக் என்றால் சாக்கு. இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒரே சத்தம், இதற்குப் போய் அகராதி எதற்கு? போனஸ் கொடுக்க வழியில்லை, குடோனில் வெறும் சாக்கு குவிந்து கிடக்கிறது, ஆறுதலுக்கு ஆளுக்கு ஒன்று. கச்சிதமாகப் பொருந்தியது. இதற்கு இவர் ஏன் கண் கலங்குகிறார் என்பது மட்டும் புரியவில்லை. சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஃபேக்டரியில் வேலை போனால், குடியிருக்கக் கொடுத்த ஓரறை லயன் வீடும் போகும். புஷ்பத்துக்கு அந்த ஓர் அறையை விட்டால் போக்கிடம் கிடையாது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை தாழ்வாரத்தில் எல்லோரும் நின்றார்கள். நைஸாகச் சொல்லச் சொன்னாரே. “இந்தக் கஷ்டத்திலும் கம்பெனி உங்களை மறக்கவில்லை” என்று ஆரம்பித்தேன். “நான் வாசிக்கும் பத்துப் பேருக்குச் சாக்கு வழங்கப்படும்.” ஆங்கிலத்தையும் விட்டுவைக்கவில்லை. “யூ வில் கெட் தி சேக்!”

கைதட்டல் அப்போது வந்ததுதான். எங்கள் ஊர் மழையில் சாக்கு லேசுப்பட்ட பொருள் அல்ல. மடித்துத் தலையில் போட்டால் குடை, தரையில் விரித்தால் மெத்தை, ஜன்னலில் கட்டினால் கண்ணாடி.

புஷ்பம் மட்டும் கைதட்டவில்லை.

“அந்த இங்கிலீச இன்னொருக்கா சொல்லுங்கய்யா.”

சொன்னேன்.

“தொரை சொன்னது அப்படியேவா?”

“எழுத்துக்கு எழுத்து அதேதான்.”

புஷ்பம் பழனிசாமி பக்கம் திரும்பினார்.

“பழனியண்ணே, பத்துப் பேருக்குத்தானாம். ஒங்க பேரு இல்ல.”

“அதெப்புடி? பதினெட்டு வருசமா அனல்ல வேகறேன், எனக்கொரு சாக்கு கெடையாதா?”

“என்னையக் கேட்டா? தொரையப் போய்க் கேளுங்க. தனியாப் போகாதீங்க, எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க. இங்கிலீசுலயே கேளுங்க, அப்பத்தான் அவருக்கு வெளங்கும்.”

3. எஸ் வரிசை

ஃபேக்டரியில் இருந்த நாற்பது பேரும் மேனேஜர் அறை வாசலில். பழனிசாமி தலைமை.

“சார்! ஒய் ஒன்லி டென்? ஆல் பீப்பிள் கெட் தி சேக்! மீ ஃபர்ஸ்ட்!”

பின்னால் கோரஸ்: “கெட் தி சேக்! கெட் தி சேக்!” புஷ்பம் முன்னால் வந்து, கைகூப்பி, “தேங்க்யூ சார்” என்றார்.

மேனேஜர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பச்சை இலை லாரி வந்து நின்றது. இறக்க ஆளில்லை. குவிந்த இலை சூடேறினால் சிவந்துவிடும், அப்புறம் தூக்கி எறிய வேண்டியதுதான். ஃபோனை எடுத்தார். “சார், தே ஆர் ஆல் ரிசைனிங். அண்ட் தே ஆர் ஸ்மைலிங்!”

ரிசைனிங் என்ற சொல்லுக்கு என் அட்டவணையில் இடமில்லை. மெல்ல என் அறைக்குப் போனேன். அந்தத் தடித்த புத்தகம் அகராதிதான். முதன்முறையாகப் படிப்பதற்காக அதைத் திறந்தேன். எஸ். சேக். முதல் அர்த்தம், சாக்கு. இரண்டாவது அர்த்தம், வேலைநீக்கம். படித்ததும் உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை.

இடுப்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது, மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “ஹெட் ஆபீஸ் அக்ரீட். டெல் தெம், நோபடி கெட்ஸ் தி சேக்.”

என்ன செய்ய? மொழிபெயர்த்தேன். “யாருக்கும் சாக்கு கிடையாது.”

கூரை அதிர்ந்தது.

“தர்றேன்னு சொல்லிப்போட்டு இல்லீங்கறதா? லாரியத் தொட மாட்டமுங்க!” என்றார் பழனிசாமி. வேலை தப்பியதற்காக வேலைநிறுத்தம் செய்த ஃபேக்டரி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

“நவ் வாட்?” என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த பட்டியலுக்கு உயிர் வரும். பதினோராவதாக ஒரு பெயரும் சேரும்.

“சார், கஸ்டம் ஆஃப் தி ஹில்ஸ்” என்றேன். சண்டை முடிந்தால் ஆளுக்கொரு வெறும் சாக்கு கொடுக்க வேண்டும் என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன்.

அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. “ஒன்லி தட்? கெட் தெம் சேக்ஸ்! ஆல் ஆஃப் தெம்!”

முதல் விதி. இந்தத் தடவை சரியாகவே வந்தது.

சாயங்காலம் நல்ல மழை. புதுச் சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு புஷ்பம் என் ஜன்னலைக் கடந்து போனார். கூப்பிட்டேன்.

“புஷ்பம், காலையில சொன்னேனே, அந்தச் சேக்குக்கு அர்த்தம் வந்து…”

“தெரியுங்கய்யா. எங்கப்பாவுக்கு அங்க இலங்கையில ரெண்டு தோட்டத்துல கெடைச்சிருக்கு.”

“தெரிஞ்சுமா? அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா பத்துப் பேரும் அழுதிருப்போம். மத்தவங்க பாவம்னு சொல்லிட்டு வேலையப் பாக்கப் போயிருப்பாங்க. எங்களுக்காக வாங்கன்னு கூப்பிட்டா நாப்பது பேரு வருவாங்களா?” சாக்கை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார். “ஏதோ ஒரு சாக்கு கெடைச்சுச்சு. விடலாமாங்கய்யா?”

மறுநாள் காலை அட்டவணையில் நான்காவதாக ஒரு விதி சேர்த்தேன். கெட்டுக்குப் பின்னால் என்ன வந்தாலும், முதலில் புஷ்பத்தைக் கேட்கவும்.