யாமினியின் அம்மாவிடம் நான் கேட்காத கேள்வி

நகரியில் எங்கள் வீட்டிலேயே, விசைத்தறி வேலைக்குப் போகும் பெண்களின் நான்கு குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். அன்றன்றைக்கு என்ன விளையாட்டு என்று செல்போனில் வீடியோ பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன்.

இரண்டு வயது யாமினி மட்டும் அந்த விளையாட்டில் உட்காரமாட்டாள். ஓட்டையைக் கண்டால் போதும், எதையாவது உள்ளே போடுவாள். சாவி சாக்கடைக் குழாய்க்குள் போகும், சீப்பு ஜன்னல் இடுக்கில் போகும். பிடுங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு தட்டும் தட்டுவேன்.

போன மாதம் எண்ணிப் பழகப் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தேன். இன்னொரு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துத் திரும்புவதற்குள், யாமினி ஒன்றை மூக்கில் நுழைத்துக்கொண்டாள். நான் எடுக்கப் போக, அது இன்னும் உள்ளே போய்விட்டது. மற்றவர்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆட்டோவில் புத்தூர் டாக்டரிடம் ஓடினேன். எடுத்துவிட்டார். "மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தா கஷ்டம்மா" என்றார்.

தறியிலிருந்து ஓடிவந்த அவள் அம்மா என்னைத் திட்டவில்லை.

"வூட்ல டப்பா மூடியில ஓட்ட போட்டு குடுத்துக்கிறேன் அக்கா. பாட்டில் மூடிங்கள அதுல போட்டுக்கினே ஒக்காந்திருப்பா. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

இப்போது கொட்டை, பாசிமணி எதுவும் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் இல்லை. காலையில் குழந்தையை வாங்கும்போதே, "நேத்து வூட்ல எத்த வெச்சிக்கினு விளையாடுச்சி?" என்று கேட்டு, அதை வைத்தே அன்றைய விளையாட்டை முடிவு செய்கிறேன். யாமினிக்கும் ஓட்டை போட்ட டப்பா இருக்கிறது. ஆனால் அதை நீட்டினால், முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுகிறாள்.