கயிறு அறுந்த வாரம்

பன்னிரண்டாம் வகுப்பில் என் வாய்க்குப் பூட்டே கிடையாது. யாரையாவது கலாய்த்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அது போதும் எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்தவன் ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயக்காட்டு ஊர்க்காரன், தினமும் பஸ்ஸில் வருவான். நான் கடற்கரைத் தெரு. என் டிபனில் இருக்கும் மீன் அவனுக்கு, அவன் புளிச்சோறு எனக்கு.

அந்த வருடம் அவன் ஊர்ப் பையன்கள் மணிக்கட்டில் ஒரே நிறக் கயிறு கட்டிக்கொண்டு வந்தார்கள். எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்று பள்ளிக்கே தெரியும். யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் அவன் கையிலும் அது ஏறியிருந்தது.

"ஏலே, கெடாய்க்குக் கட்டுன மாரி கட்டி விட்டுருக்காவ. எப்ப வெட்டு?" என்று பிடித்து இழுத்தேன். சும்மாதான். அறுந்துவிட்டது.

அவன் ஊர்க்காரர்கள் யாரும் அப்போது வகுப்பில் இல்லை. சிரித்துக்கொண்டிருந்த மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவன் கயிற்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "விடுல" என்றான்.

அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் என்னைத் திட்டவில்லை. நான் உள்ளே வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். வியாழக்கிழமை அவன் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை.

"என்னல ஆச்சு?"

"எங்கூர்ப் பயலுவ பஸ்ல கேட்டாவ, எவன் அறுத்தான்னு. தானா அத்துட்டுன்னேன். நம்பல. நாளைக்குள்ள பேரச் சொல்லலன்னா என்னயத்தான் போடுவாவளாம்."

"என் பேரச் சொல்லிர வேண்டியதானல?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரில கெடப்ப. பொறவு ஒங்க தெருக்காரவ எங்க பஸ்ஸ மறிப்பாவ. எங்கம்ம அந்த பஸ்லதான் வேலைக்கு வாரா."

அன்று மீனை அவனும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற நிலக்கரி லாரிகள் வரிசையாக நின்றன. நிழற்குடைக்குள் அவன் ஊர்ப் பையன்கள் நாலு பேர். கையில் கம்போ கத்தியோ இல்லை. ஒருவன் மட்டும் புத்தகப் பையை முன்பக்கமாக மாட்டி, அதற்குள் ஒரு கையை விட்டிருந்தான்.

"நாந்தான் அறுத்தேன்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவர்களில் நெட்டையானவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "தெரிஞ்சு அறுத்தியா?"

"வெளையாட்டுக்கு இழுத்தேன்."

"ஒன் கழுத்துல கெடக்கே, அது என்ன?"

சட்டைக்கு வெளியே வந்திருந்தது என் உத்தரியம், மாதா படம் தைத்த துணி. சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கிய அன்று அம்மா போட்டது.

"இத நான் வெளையாட்டுக்கு இழுக்கட்டா?"

சாமிக்குப் போடுவதும் சாதிக்குக் கட்டுவதும் ஒன்றா என்று கேட்க நாக்கு துடித்தது. நியாயமான கேள்விதான், இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆனால் நான் கேட்டது அதுவல்லவே. கெடா என்று சொல்லிச் சிரித்தேன்.

"இழுத்தா சும்மா இருக்க மாட்டேன்" என்றேன். "கயித்த அறுத்ததும் தப்பு, கெடான்னு சொல்லிச் சிரிச்சதும் தப்பு. அவனய ஒண்ணும் செய்யாதீங்க."

பஸ் வந்தது. அதற்குள் ஓடி வந்துவிட்ட என் நண்பனை இரண்டு பேர் தோளில் கை போட்டு ஏற்றினார்கள். நெட்டையனும் பைக்குள் கை விட்டிருந்தவனும் ஏறவில்லை. பஸ் நகர்ந்தது. பைக்குள் இருந்த கை இன்னும் வெளியே வரவில்லை.

அவன் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்தான். விழுந்து, எழுந்து, முட்டியில் ரத்தத்தோடு வந்து எங்களுக்கு நடுவில் நின்றான்.

"பேசணும்னா பேசுங்க அண்ண. நானும் இங்கன நிக்கேன்."

அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போக, ரோட்டில் எங்களைப் பார்க்க ஆளே இல்லாமல் போனது. நெட்டையன் நிழற்குடைத் திண்டில் உட்கார்ந்து, எதிரே இருந்த இடத்தைக் காட்டினான்.

"உக்காரு. கெடான்னு சொன்னேன்னியே. மொதல்ல அதப் பேசுவோம்."

உட்கார்ந்தேன். பஸ்ஸிலிருந்து குதித்து வந்தவனும் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.