வாய்க்காலில் கிடந்த மருந்து பாட்டில்

வலங்கைமான் சாலையில் நிற்கிறதே அரிசி மில், அது நான் கட்டியது. களர் என்று ஊரே கைவிட்ட திடலில் போர்வெல் போட்டு நெல் விளைய வைத்தவனும் நான். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் பிள்ளைகளை இன்ஜினியராக்கினேன். இதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சிறுவயதில் செய்தேன். அதைத்தான் போன மாதம் திருக்கடையூரில், சித்தப்பாவின் எண்பதாம் கல்யாணத்தில், மைக் பிடித்து இன்னொருவர் கணக்கில் ஏற்றிவிட்டார்கள்.

அப்போது சம்பா பயிரில் புகையான் பூச்சி விழுந்திருந்தது. முதல் நாள்தான் சித்தப்பா தன் பாகத்தைப் பிரித்துக் கேட்டு, பெரியப்பாவோடு தெருவே கேட்கச் சண்டை போட்டிருந்தார். “நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி” என்று வேறு கத்திவிட்டார். மறுநாள் காலையில் மருந்து அடிக்க இறங்கினார். நீராகாரம் கொண்டுபோன நான் வரப்பில் நின்று பார்த்தேன். வாளியில் மருந்தைக் கையாலேயே கலக்கினார். முதுகில் கட்டிய டேங்கு ஒழுகிச் சட்டை ஊறிப்போயிருந்தது. எதிர்க்காற்று வேறு. பாதி வயல்கூடத் தாண்டவில்லை. வாயில் நுரை தள்ள, சேற்றில் சாய்ந்தார். நான் போட்ட கூச்சலில் ஆட்கள் கூடினார்கள்.

பெரியப்பா வந்தார். தம்பியைப் பார்க்குமுன் பாட்டிலைப் பார்த்தார். நேற்றைய சண்டை ஞாபகம் வந்திருக்கும், குடித்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். பாட்டிலை எடுத்து வாய்க்காலில் வீசினார்.

“யார் கேட்டாலும் பாம்புன்னு சொல்லுங்க. மருந்துன்னா போலீசு வரும்.”

ஒரு கடியும் இல்லாத காலில் கயிற்றை இறுக்கிக் கட்டி, வண்டியில் போட்டு ஓட்டினார்கள். குடிக்கவில்லை, அடிக்கும்போதுதான் விழுந்தார் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பொடிப்பயல் பேச்சுதானே!

நான் வாய்க்காலில் இறங்கினேன். கோரையில் சிக்கிக் கிடந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது. மண்டையோட்டுப் படம் தெரியும், அது போதாதா?

அங்கே டாக்டர், கடிவாயைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் சந்தேகம்தான், கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருக்கிறதே என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பெரியப்பாவோ பாம்பைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்துகொண்டிருந்தார். நான் பாட்டிலை நீட்டினேன்.

“குடிச்சாரா, அடிச்சாரா?” என்றார் டாக்டர்.

“அடிச்சாருங்க. டேங்கு ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சுதுங்க.”

உடனே சட்டையைக் கிழித்தெறியச் சொன்னார். சோப்புப் போட்டு உடம்பைக் கழுவினார்கள். கண்மணி விரிகிற வரை ஊசி மேல் ஊசி. சித்தப்பா பிழைத்தார். குடித்ததல்ல, தோல் வழியாக இறங்கியது என்று டாக்டர் பெரியப்பாவிடம் என் எதிரிலேயே சொன்னார். பெரியப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும் என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். வாய்க்காலில் இறங்கியதற்குத்தான் அடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைத்தெருவே பாட்டிலைப் பார்த்துவிட்டது. சித்தப்பாவுக்கு ‘மருந்து குடிச்சவன்’ என்று பெயர் விழுந்தது. பெண் கேட்டுப் போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள்; பல வருஷம் கழித்துத்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. அவர் இல்லை இல்லை என்று சொன்னதை ஒருத்தர் நம்பவில்லை. நம்ப வைக்கக்கூடிய ஒரே ஆள் பெரியப்பா. அவர் வாயே திறக்கவில்லை. மறுபடி பாகப்பிரிவினைப் பேச்சு எழுந்தபோது பஞ்சாயத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா?

“மருந்து குடிக்கிற புத்திக்காரன்கிட்ட நெலத்தைக் குடுத்தா நிக்குமா? பெரியவர் கையிலயே இருக்கட்டும்.”

அப்போதும் பெரியப்பா தலையாட்டினார். தம்பியின் பேரில் பாசம் என்று நினைத்தேன் நான். அந்த மௌனம் எத்தனை மா நிலம் என்று விளங்க, நானே ஒரு வரப்புக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது.

போன மாதம் மைக்கில் பேசியது பெரியப்பா மகன்.

“அன்னைக்கு எங்கப்பா வண்டி கட்டிட்டு ஓடலேன்னா சித்தப்பா இந்த மாலையைப் பாத்திருக்க மாட்டாரு.”

பந்தலே கை தட்டியது. சித்தப்பா மட்டும் கழுத்து மாலையோடு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார்.

வண்டி ஓட்டியவர் பாம்பென்று சொல்லிக் கொல்லப் பார்த்தார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். அடுத்து இந்தக் குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் சரி, பெரியப்பா மகனே மைக்கைப் பிடித்து இரண்டையும் சொல்ல வேண்டும். சித்தப்பா மருந்து குடிக்கவில்லை. அவரைப் பிழைக்க வைத்தது நான். சித்தப்பாவுக்குக் காது கேட்கிறபோதே சொல்ல வேண்டும்.