கோபுரமும் பனையும் நேராகும் இடம்

குறிகட்டுவான் இறங்குதுறையில் எனக்கு ஒரு தேநீர்க்கடை. நயினாதீவு விகாரைக்குப் படகேற வரும் சிங்களச் சனத்துக்குத் தேநீர் ஊற்றி ஊற்றியே அவர்களின் மொழி எனக்கு வந்தது. அந்தக் கூட்டத்தோடு வருடா வருடம் ஒரு வயதான தாயும் வருவார். படகில் ஏறமாட்டார். துறையின் ஓரத்தில் நின்று ஒரு பை வெள்ளைப் பூவைக் கடலில் போடுவார். நீரோட்டம் அதைத் திரும்பக் கரையிலேயே கொண்டுவந்து ஒதுக்கிவிடும்.

மூன்றாம் வருடம்தான் காரணம் சொன்னார். யுத்தகாலத்தில் அவருடைய மகன் விமானப்படை ஹெலிகொப்டர் ஓட்டியவன். அது இந்தக் கடலில் விழுந்தது. நாலு பேர். ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. "எந்த இடமென்று உனக்குத் தெரியுமா, மகள்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

தெரியும். என் கணவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நயினாதீவுக் கோயில் கோபுரமும், எங்கள் கரையில் ஷெல் பட்டுத் தலை போன பனையும் ஒரே நேராக வரும் இடம். ஒருநாள் அங்கே தூண்டில் சிக்கி, எடுக்கக் குதித்த என் கணவர், பாசி பிடித்த நீண்ட இறக்கைத் தகட்டைக் கண்டார். அதைச் சுற்றி மீனென்றால் அப்படி மீன். கடலுக்குப் போகிறவர்கள் மீன் கிடக்கும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டார்கள். தூரத்தில் வேறு படகு தெரிந்தால் இவர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, ஒன்றுமறியாதவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பிள்ளைகள் வளர்ந்தது அந்த மீனில்தான்.

சொல்லாததற்கு அது மட்டும் காரணமில்லை. அந்த ஹெலிகொப்டர் இரைச்சலைக் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிய ஆட்கள் நாங்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகள் அதனால் எரிந்தன. அது விழுந்த அன்று நான் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லமாட்டேன், நன்றாகவே சந்தோசப்பட்டேன். இப்போது அந்தத் தாயின் தேநீருக்குச் சீனி கலக்கும்போதெல்லாம் அது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கும்.

இந்த மாசியில் தடியூன்றி வந்தார். முழங்கால் விட்டுவிட்டது, இனி வரமுடியாது என்றார். நான் கடைக்குப் பின்னால் போனேன். இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவமே?"

"எங்கை?"

"எங்கையெண்டு உங்களுக்குத் தெரியும்."

ஊசியை வலையில் குத்திவைத்தார். "பட்டப்பகலிலை போனா எல்லாரும் பாப்பினம். பிறகு அந்த இடம் எங்களுக்கில்லை."

"ஓம். அது எங்கடை இடமும் இல்லைத்தானே" என்றேன்.

அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

மகன் விழுந்த இடத்துக்கு என்று சொல்லி அந்தத் தாயைப் படகில் ஏற்றினோம். காற்று விழுந்திருந்தது. கடலும் வானமும் ஒரே நிறமாகி, நயினாதீவு நடுவில் மிதந்தது. படகு போகிறதா, தீவுதான் எங்களிடம் வருகிறதா என்று தெரியவில்லை. கோபுரம் மெல்ல மெல்ல நகர்ந்து பனைக்கு நேரே வந்து நின்றது. இவர் எஞ்சினை நிறுத்தினார்.

தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஆழத்தில் ஒரு நிழல். அந்தத் தாய் பூக்களை ஒவ்வொன்றாக விட்டார். இந்தமுறை அவை எங்கேயும் போகவில்லை. குஞ்சுமீன்கள் மேலே வந்து இதழ்களைக் கொத்திப் பார்த்தன.

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மே, இந்த இடம் எங்களுக்கு முன்பே தெரியும். நாங்கள் இங்கே மீன் பிடிக்கிறோம்" என்றேன்.

அவர் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்போதாவதா?"

இவரிடம் கேட்டேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"ஒவ்வொரு நாளும் எண்டு சொல்லும்."

சொன்னேன். அந்தத் தாய் கையை முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டு, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

"அப்படியென்றால் அவன் தனியாக இருக்கவில்லை" என்றார்.

என் அந்தநாள் சந்தோசத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

கரைப்பக்கமாக இரண்டு படகுகள் வேகம் குறைத்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன. இவர் வானத்தைப் பார்க்கவில்லை.