மூன்றாம் நாள் சலாம்

கற்பிட்டிக் களப்பின் ஆழம் அளக்கப் போனபோது எங்களை வள்ளத்தில் ஏற்றிச் சென்றவர், நரைத்த தாடியும் மடித்துக் கட்டிய சாரமுமாக இருந்தார். வலை போடும் இடத்துக்காக மச்சானோடு பதினெட்டு வருடப் பிரச்சினை என்று அவராகவே சொன்னார். யுத்தம் முடிந்தும் அது முடியவில்லையாம்.

கோபமா, மனத்தாங்கலா, பகையா, வன்மமா என்று கேட்டேன்.

"பகைதான் மகள். ஆனா மூணு நாளைக்கி மேல கதைக்காம இரிக்கப்படாது, மார்க்கத்துல பாவம். அதால மூணு நாளைக்கி ஒருக்கா போய் சலாம் சொல்லுவன்."

"பிறகு?"

"பிறகு பகைதான்."

அன்று மூன்றாம் நாள். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் நான்காம் நாள் பிறந்துவிடும். இன்னும் நான்கு இடங்கள் அளக்க இருந்தும் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

"உங்கட தண்ணி நாளைக்கும் இரிக்கும் மகள். பாவத்த இண்டைக்கே எழுதிப் போடுவாங்க."

இறங்குதுறையில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். இவர் இறங்கி, அவர் முகத்தைப் பார்க்காமல் சலாம் சொன்னார். அவரும் கடலைப் பார்த்தபடி பதில் சலாம் சொன்னார்.

"இண்டைக்கி நேரம் சொணங்கிட்டு," என்று சொல்லிவிட்டு மச்சான் நடந்துபோனார்.

அவர் எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருப்பார் என்று நான் இன்னமும் யோசிக்கிறேன்.