ட்ரைலருக்குச் சுற்றிப்போட்ட மிளகாய்

எழுபதுகளில் எங்கள் கிழக்குப் பாலக்காட்டுக் கொட்டகையில், வரப்போவது பேய்ப்படமா இல்லையா என்று கண்டுபிடிக்கப் பெரிய அறிவெல்லாம் தேவையில்லை. இடைவேளையில் ட்ரைலர் போடுவார்கள். மேகமே இல்லாத வானத்தில் இடி இடிக்கும். காற்றில்லாத அறையில் விளக்கு அணையும். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி முதுகை மட்டும் காட்டி நடப்பாள். "கதவுக்குப் பின்னால் யார்? வெள்ளித்திரையில் காண்க!" என்று ஒரு கரகரத்த குரல் உறுமும். அதுவரை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது என்ன, காயப்போட்ட வேட்டியா?

அன்றைக்குச் சாமி படம் பார்க்கப் போயிருந்தோம். அண்ணிக்கு ஏழு மாதம். ட்ரைலர் முடிந்ததும் என் கையைப் பிடித்து, "கண்ணு, இதை எப்படியாச்சும் பாத்துப்போடோணும்" என்றாள். வளைகாப்பு முடிந்தால் தாய்வீடு. பிள்ளை பிறந்துவிட்டால் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு படம்தான்.

அம்மா விடுவாளா? "வவுத்துல புள்ளைய வெச்சுட்டுப் பேயைப் பாக்கறதா?" வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அண்ணியைச் சுற்றி அடுப்பில் போட்டாள். ட்ரைலருக்குத் திருஷ்டி கழித்த குடும்பம் வேறெங்கும் இருந்திருக்காது. அண்ணனோ, மனைவிக்காக ஒரு வார்த்தை பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

படம் வந்தது. அண்ணியை வீட்டில் விட்டுவிட்டு, அம்மா இடுப்பில் வேப்பிலையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் பின்னால். பேய் இதோ வரும், அதோ வரும் என்று காத்திருந்தோம். வெள்ளைச் சேலைக்காரி ஒருவழியாகத் திரும்பினாள். மாமியார்! மருமகள் நெய்யைத் திருடித் தின்கிறாளா என்று பார்க்க விளக்கோடு போகிறாளாம். கதவுக்குப் பின்னால் இருந்தது நெய்ச்சட்டி. மிச்சப் படம் முழுக்க அழுகை. அண்ணி நிம்மதியாகப் பார்த்திருக்கலாம். எனக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் காலை ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டே அண்ணி கேட்டாள்: "பேய் எப்படீங்க அத்தை?"

தோற்றதை ஒப்புக்கொண்டால் அது என் அம்மா இல்லை. "அதையேன் கேக்கற அம்மணி, பல்லு ஒவ்வொண்ணும் கலப்பைக் கொழுவாட்டம்! நீ வராதது நல்லதாப் போச்சு."

அண்ணி குழவியை நிறுத்தவில்லை. "காலையில பால் வாங்க வந்த பக்கத்துத் தோட்டத்து அக்காளும் நேத்துப் பாத்தாங்களாம். கடைசியில மாமியா, மருமவ கையைப் புடிச்சு மன்னிச்சுக்கோன்னு அழுவறாங்களாமே. அது பேய் வர்றதுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா அத்தை?"