பிளாஸ்டர் ஒட்டிய பொத்தான்

என் வேலை மேசையில் ஒரு பழைய அம்ப்ளிஃபையர் கிடக்கிறது. போன கிழமை மடவளையிலிருந்து வந்தது. அதன் முகப்பில் வரிசையாகப் பொத்தான்கள். கடைசிப் பொத்தானை மட்டும் காண முடியாது. விரலில் வெட்டுப்பட்டால் ஒட்டுவோமே, அந்தத் தோல்நிறப் பிளாஸ்டர் ஒன்று அதன்மேல் ஒட்டியிருக்கிறது. ஓரங்கள் கறுத்துவிட்டன, நடுவிலிருக்கும் பஞ்சு தட்டையாகிவிட்டது. பழுதென்று வருகிற பெட்டிகளை முதலில் துடைத்துச் சுத்தம் செய்வது என் வழக்கம். உள்ளே குடியிருக்கும் கரப்பான் பூச்சிகளைக்கூட மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுத் துடைக்கிறவன் நான். இந்தப் பெட்டியையும் துடைத்தேன். அந்தப் பிளாஸ்டர் பக்கம் மட்டும் கை போகவில்லை.

கண்டியைச் சுற்றியுள்ள பெரிய வீடுகளுக்கு ராக் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இதைப் பெண் பார்க்கப் போன அன்று நான் விளக்கிய விளக்கத்தில், என் மாமியார் இன்றுவரை என்னை ரேடியோ திருத்துகிறவன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். விஷயம் சின்னதுதான். டிஷ் பெட்டி, பாட்டுப் பெட்டி, கமராப் பதிவுப் பெட்டி, ரேடியோ, அம்ப்ளிஃபையர் என்று வீட்டில் சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் தட்டுத்தட்டாக அடுக்கி, ஓர் அலுமாரிக்குள் வைத்து, அங்கிருந்து ஒவ்வோர் அறைக்கும் வயர் இழுக்க வேண்டும். அறைகளில் திரையும் ஸ்பீக்கரும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். காசு உள்ளவர்கள் முதலில் சாமான் வாங்குகிறார்கள். பிறகு அந்தச் சாமானை மறைத்து வைக்க இடம் தேடுகிறார்கள். அந்த இரண்டாவது ஆசையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

இந்த அம்ப்ளிஃபையரின் சொந்தக்காரரான ஹாஜியாருக்கு அந்த ஆசை இல்லை. டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்த மனிதர். மடவளையில் ஒரு மேட்டில் புது வீடு கட்டி முடித்திருந்தார். நான் படம் போட்டுக்கொண்டு போய், வயர் எப்படி மறையும், விருந்தாளிகள் எப்படி வாய் பிளப்பார்கள் என்றெல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மகன், அதெல்லாம் ஒங்கட விருப்பம். பழைய ஊட்டுல முன்னுக்கு ரேடியோவுல நோம்பு தொறக்கப் பாங்கு செல்லக்கொள்ள குசினிக்குக் கேக்காது. யாராச்சும் எழும்பிப் போய் செல்லணும். நாங்க பேரீச்சம்பழம் திண்டு, கஞ்சியும் குடிச்சி முடியக்கொள்ளதான் குசினியில ஈக்கிற என்ட பொஞ்சாதி வாயில தண்ணி வெப்பா. முப்பது வருஷம் இப்பிடித்தான். இந்த ஊட்டுல எல்லாருக்கும் ஒரே நேரம் கேக்கணும். எனக்கு அது போதும்."

"குசினி என்ன ஹாஜியார், தண்ணி டாங்கிக்குள்ள இருந்தாலும் கேக்கும்" என்றேன். வாக்குக் கொடுப்பதில் நான் என்றைக்குமே கஞ்சத்தனம் காட்டியதில்லை.

படிக்கட்டுக்கு அடியில் ராக் வைக்க இடம் கிடைத்தது. அடித்தட்டில் பாரமான அம்ப்ளிஃபையர், மேலே ரேடியோ, அதற்கு மேலே மற்றவை, சூடு வெளியேற ஒரு சின்ன விசிறி. கடைசிப் பொத்தான் என் சொந்த யோசனை. எந்த அறையில் எது ஓடிக்கொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டு, பென்டிரைவில் உள்ளதை வீடு முழுவதற்கும் அனுப்பும் பொத்தான் அது. ஊரில் யார் வீட்டிலும் இல்லாதது. அதற்குக் கீழே "எல்லாம்" என்று நானே அச்சடித்து ஒட்டினேன். பக்கத்துப் பொத்தானுக்குக் கீழே "குசினி"; அது சமையலறைக்கு மட்டும் அனுப்பும்.

அது நோன்பு மாதம். அந்த மாதத்தில் பாட்டுப் போட்டுப் பார்ப்பது முறையில்லை என்று ஹாஜியார் ஒரு பென்டிரைவில் பாங்கைப் பதிந்து தந்திருந்தார். ஒவ்வோர் அறை ஸ்பீக்கரையும் அதை வைத்தே சோதித்தேன். எனக்குப் பகலில் தேநீர் வரும். வேண்டாமென்றால் ஹாஜியாரின் மனைவி விடமாட்டார். ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். "ஒங்களுக்கு என்ன மகன், குடிங்க" என்று வைத்துவிட்டுப் போவார். நோன்பாளிகள் நடமாடும் வீட்டில் அவர்கள் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு, அலுமாரிக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு, அம்ப்ளிஃபையரோடு சேர்ந்து நானும் அடுக்கப்பட்டவன் போலக் குந்தியிருந்து குடிப்பேன்.

கடைசி நாள். அன்று மாலை புது வீட்டில் முதல் இப்தார், நோன்பு திறக்கும் விருந்து. பள்ளிவாசல் மௌலவியும் அயலவர்களும் வருகிறார்கள். அன்று தேநீர் வைக்கும்போது ராத்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இவருக்கு சீனியும் நெஞ்சு வருத்தமும். நோம்பே புடிக்க ஏலாண்டு டாக்டர் செல்லிட்டார். கெஞ்சிக் கெஞ்சி ஒரே ஒரு நாள் கேட்டு எடுத்தீக்கிறார் மகன். அதையும் இண்டைக்குண்டு வெச்சிக்கொண்டார்."

இதை நான் கேட்டேன். நன்றாகக் கேட்டேன். பின்னால் வருவதற்கு இது முக்கியம்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை, என் அழகுணர்ச்சியால் இழுத்துக்கொண்டே போனது. அலுமாரிக்குள் யாரும் பார்க்கப் போகாத வயர்களைச் சடை பின்னுவது போலப் பின்னிக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் முன்னதாகவே இருட்டிவிட்டது; மேட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளிவாசலின் சத்தம் அந்த மழையில் கேட்கவே கேட்காது. விருந்தாளிகள் மண்டபத்தில் வந்து அமர்ந்தார்கள். வீடு முழுக்க ரேடியோ மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குசினி ஸ்பீக்கரில் மட்டும் ஓர் இரைச்சல். முடுக்காமல் விட்ட ஒரு வயர்தான். முடுக்கினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டாமா? ஒரு கையில் தேநீர்க் கோப்பை. மறு கையால் பென்டிரைவைச் செருகி, "குசினி"யை அழுத்தினேன். குசினி என்று நினைத்துத்தான் அழுத்தினேன்.

பாங்கு எழுந்தது. தேன் போன்ற ஒலி. இரைச்சலின் சுவடே இல்லை. இருட்டுக்குள் நான் எனக்கே சிரித்துக்கொண்டேன். சரி, குசினியில் போய்ப் பாராட்டு வாங்குவோம் என்று கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

மண்டபத்தில் எல்லோருடைய கையும் வாயருகில் இருந்தது. மௌலவி மட்டும் பேரீச்சம்பழத்தை இரண்டு விரலில் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நேரமாகல்லையே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பாங்கு மட்டும் மேல்மாடியிலும் மண்டபத்திலும் குசினியிலும் ஒரே சீராகத் தொடர்ந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். நிறுத்தியதும் ரேடியோ தானாகத் திரும்ப வந்தது. யாரோ ஒருவர் பொறுமையின் சிறப்பைப் பற்றி நிதானமாக உரையாற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்தாறு நிமிடம் முந்திவிட்டது. மௌலவி எழுந்து சொன்னார்: "முழுங்காதவங்க துப்பிட்டு வாயக் கொப்புளிங்க. முழுங்கினவங்கட நோம்பு முறிஞ்சி போச்சி. இனிப் பாங்கு செல்லும் வரைக்கும் ஒண்டும் திங்காம ஈங்க. பொறகு ஒரு நாளைக்குக் கழா செய்யணும்." கழா என்றால் விட்டுப்போன நோன்பை வேறொரு நாளில் பிடித்து ஈடு செய்வது. ஒருவர் கன்னத்தில் பழத்தை ஒதுக்கியபடியே, விழுங்கலாமா கூடாதா என்று கண்ணால் கேட்டார். இன்னொருவர், "நான் பாதிதான் முழுங்கினேன் ஹஸ்ரத்" என்று சலுகை கேட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். அவர் வாயை இலேசாகத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

குசினி வாசலில் ராத்தா நின்றார். கையில் தண்ணீர்க் கோப்பை, பாதி காலி. முப்பது வருடத்தில் முதல் தடவையாக மண்டபமும் குசினியும் ஒரே நொடியில் நோன்பு திறந்திருந்தன. ஹாஜியார் கேட்டதை நான் அச்சொட்டாகச் செய்து கொடுத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.  ஹாஜியார் முந்திக்கொண்டார். "தம்பிய ஒண்டும் செல்லாதீங்க. இண்டைக்கே முடிக்கணும்ண்டு தலைக்கு மேல நிண்டவன் நான்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார், அது பார்க்கச் சகிக்காத நிலையில் இருந்திருக்க வேண்டும். "இண்டைக்குக் கண்டியிலயே மொதல்ல நோம்பு தொறந்த ஊடு எங்கட ஊடுதான், என்ன?" என்றார். மண்டபமே சிரித்தது. என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். உண்மையான பாங்கு வரும் வரை அந்தப் பிடியை விடவில்லை.  அந்த ஒரே நோன்பு போனதைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவில்லை.

அன்று என்னிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை. ஆனால் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிட்டேன். கன்னத்தில் பழம் ஒதுக்கியவரையும் பாதி விழுங்கியவரையும் ரேடியோவில் பொறுமை பேசியவரையும் அபிநயம் பிடித்துக் காட்டத் தொடங்கினேன். கல்யாண வீடு, தேநீர்க் கடை, பஸ் தரிப்பிடம் என்று போன இடமெல்லாம் கதை ஓடியது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏங்க, அவருக்கு அது ஒரே ஒரு நோன்புன்னு சொன்னீங்களே. அத ஏன் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"அதச் சொன்னா யாரு சிரிப்பா?"

இந்தப் பதிலைச் சொன்னவன் நான்தான். வேறொருவர் தலையில் கட்ட வழியில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேநீர்க் கடையில் கதை உச்சத்தில் இருந்தது. வாயைத் திறந்து, "உள்ளே ஒண்ணுமே இல்ல!" என்று ஹாஜியார் காட்டியதை நான் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்குப் பின்னாலும் ஒருவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சீனியில்லாத தேநீர்க் கோப்பையோடு ஹாஜியார் நின்றார். உண்மையாகவே சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வருமளவுக்கு. "நல்லாத்தான் செல்றீங்க மகன்" என்றார். நான் எதை விட்டுவிட்டேன் என்று அந்தக் கடையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.  அவர் திட்டியிருந்தால் அதையும் ஒரு கதையாக்கியிருப்பேன்.

வெளியே வந்ததும், "டாக்டர்ட்ட இன்னும் ஒரு நாள் எடுத்தீக்கிறேன். வியாழக்கெழம அந்தக் கழா நோம்பு. நீங்க வரணும்" என்றார்.

வியாழக்கிழமை நானும் பட்டினி கிடந்து பார்ப்பது என்று யாருக்கும் சொல்லாமல் முடிவெடுத்தேன். பத்தரைக்கு டவுனில் ஒரு கடை வாசலில் வடை வாசம் பிடித்தது. அதற்கு மேல் எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாலை மடவளைக்குப் போனதும் ஹாஜியார் கேட்ட முதல் கேள்வி: "பகல் சாப்பிட்டீங்களா மகன்?"

விருந்தாளி என்று நான் மட்டும்தான். மழை இல்லை. ராத்தா வழக்கம் போலக் குசினியில். ஹாஜியார் உலர்ந்த உதடுகளோடு படிக்கட்டடியில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்தார். கையில் பேரீச்சம்பழம். "அண்டைக்கு முந்திப் போட்டீங்க. இண்டைக்கு நேரத்துக்குப் போடுங்க" என்று அந்தக் கடைசிப் பொத்தானைக் காட்டினார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ பொத்தான்களை அழுத்தியிருக்கிறேன். விரல் வியர்த்தது அன்றுதான். கீழே பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது மெல்லக் கேட்டது. அவர் தலையசைத்தார். அழுத்தினேன். வீடு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. குசினியில் ஒரு கோப்பையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் ஹாஜியார் பழத்தை வாயில் வைத்தார்.

கஞ்சி குடித்து முடிந்ததும், சீனி அளவு பார்க்க விரலில் குத்தும் பெட்டியைத் திறந்து, ஒரு பிளாஸ்டரை எடுத்து அந்தப் பொத்தான்மேல் ஒட்டினார். "இதுட வேல முடிஞ்சிது" என்றார். நான் விடைபெறும்போது வாசல் வரை வந்தார். "அடுத்த மொற கத செல்லக்கொள்ள இதையும் சேத்துச் செல்லுங்க மகன்."

செல்றேன் என்றேன். சொல்லியும் பார்த்தேன், ஒரே ஒரு தடவை. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தேநீரை முடிக்காமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். ஹாஜியார் மௌத்தாகி, அவரை அடக்கம் செய்த ஜனாஸாவுக்குப் போய் வந்த அன்றுகூட, திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது முதல் பாதிதான். அவர் நன்றாகச் சிரித்தார்.

போன கிழமை ராத்தா தொலைபேசியில் பேசினார். பெட்டி உயிரை விட்டுவிட்டதாம். கடைப் பையன் கொண்டு வருகிறானாம். புதிதாக ஒன்று போட்டுத் தர வேண்டுமாம். பேசி முடிக்கும் நேரத்தில் கேட்டார்:

"அந்தக் கதைய இப்பவும் செல்றீங்களா மகன்?"

"செல்றேன் ராத்தா."

"முழுசாவா?"

"ஹலோ... ராத்தா... சரியாக் கேக்கல்ல" என்றேன். வாழ்நாள் முழுக்க ஒலியைத் தெளிவாக்கிக் கொடுத்துப் பிழைக்கிறவன். அவருடைய மூச்சுக்கூட எனக்குக் கேட்டது. அவரே தொலைபேசியை வைத்துவிட்டார்.

நாளைக்குப் புதுப் பெட்டியைக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். தேநீர் வைக்க வருவார், மறுபடியும் கேட்பார். நேருக்கு நேர் நின்றுகொண்டு கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் இன்றைக்கே முழுவதையும் எழுதிவிட்டேன். பழைய பெட்டியின் முகப்புத் தகட்டை மட்டும் கழற்றி, பிளாஸ்டர் உரியாமல் ஒரு துணியில் சுற்றியிருக்கிறேன். அதையும் ராத்தாவிடம் கொடுக்கப் போகிறேன்.